போகாத ஊருக்கு வழி

ஷார்ஜா, பதிமூன்றாம் தொழிற்பேட்டை.
எங்கள் பட்டறையில் ஊர் செய்கிறோம்,
ஐந்நூறில் ஒரு பங்கு அளவில்.
மனிதன் மூன்றரை மில்லிமீட்டர்.
வெள்ளை நிறம், முகம் கிடையாது.
ஆயிரம் பேர் ஒரு பொட்டலம்,
சீனாவிலிருந்து வந்து இறங்குகிறார்கள்
விசா இல்லாமல்.

இடுக்கியால் எடுத்து, காலைப் பசையில் தொட்டு
பூங்காவில் நால்வரை நிறுத்துவேன்,
பாலத்தில் இருவரை.
ஆகஸ்ட் மாதம் அந்த ஊருக்கு வருவதில்லை.
பிப்ரவரி வெயிலை எல்.இ.டி.யில் பிடித்து வைத்திருக்கிறோம்.
யாரும் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அதைப் பார்க்க ஐந்து பேர் வந்தார்கள்.
"இல்லாத ஊர்களைப் பற்றிப் படிக்கிறவங்க"
என்றார் சூப்பர்வைசர் ரெஜிஸ்,
சிரிக்காமல் சொல்லக் கஷ்டப்பட்டு.
இருக்கிற ஊருக்கு ஒரு பஞ்சாயத்து போதும்,
இல்லாத ஊருக்குத்தான் இத்தனை துறை வேண்டியிருக்கிறது.

பொருளாதாரக்காரர் கேட்டார், இங்கே பணம் உண்டா.
மத வரலாறு படித்தவர் கேட்டார்,
கதவுகளுக்குப் பூட்டு உண்டா.
கட்டடக்காரர் என் பசைத் தடத்தைப் பார்த்துவிட்டார்.
பழைய வரைபடங்கள் சேர்ப்பவர் சொன்னார்:
நல்ல ஊர் எப்போதும் ஒரு தீவாகவே இருந்திருக்கிறது,
கப்பல் உடைந்தவன் வந்து சொன்னதாகவே இருந்திருக்கிறது.

ஐந்தாமவர், ஹெஸ்ஸா,
குனிந்து கண்ணைச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவந்து
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு என்னிடம்:
"குப்பையை எடுக்கிறவர்கள் எங்கே தூங்குவார்கள்?"

வரைபடத்தைப் புரட்டினேன்.
பதினேழு தாள்.
எல்லாக் கதவும் வாசல் கதவாகவே இருந்தது.

ரோலாவில் எங்கள் அறைக்கு எட்டுக் கட்டில்.
ஃபிரிட்ஜ் கதவில் கச்சி மைதீன் எழுதிய சட்டம்:
குளியல் ஒன்பது நிமிடம்.
வெள்ளிக்கிழமை மீன், வறுத்தவன் சட்டி கழுவக் கூடாது.
சம்பளம் வராத மாதம் அரிசிக்குப் பங்கு இல்லை,
அதைப் பற்றிப் பேச்சும் இல்லை.
ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தவனுக்கு
அன்றிரவு ஜன்னலோரக் கட்டில்.
அவன் கேட்கும்வரை காத்திருக்காதே.

அந்தக் கடைசி வரியை ஹெஸ்ஸாவிடம் சொல்ல வேண்டும் என்று
படுத்தபடி நினைத்துக்கொண்டேன்.
சொல்லியிருந்தால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

செல்வின் கேன்சலில் போனதும்
விளக்குக் கம்பத்தில் ஒட்டினோம்:
படுக்கை இடம் காலி, தமிழர் மட்டும்.
கீழே என் நம்பர், துண்டு துண்டாகக் கிழித்துக்கொள்ள.
அழைப்பு வந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்,
பேச்சிமுத்து எடுத்தான்.
எந்த ஊர் என்றான்.
சங்கரன்கோவில் பக்கம் என்று பதில் வந்தது போலிருக்கிறது.
பக்கம்னா? என்றான்.
ஊருக்குள்ளயா, எந்தத் தெரு?

கஞ்சி என் கையில் கொட்டியது. நான் பேசவில்லை.
மறுமுனையும் பேசவில்லை.
ஸ்பீக்கரில் ஏதோ பஸ் ஹாரன் மட்டும்,
பிறகு அதுவும் இல்லை.

ஊர் என்று சொன்னாலே
அதற்கு வெளியே ஒரு தெரு இருந்துவிடுகிறது
நம் பாஷையில்.
அவர்களுடைய ஐந்து துறையில் எது
அதைப் படிக்கிறதோ.

ஒன்பது நாள் கழித்து அந்த எண்ணுக்கு அடித்தேன்.
கட்டில் இன்னும் காலிதான் என்றேன்.
சிரித்தார். பெயர் கேட்டேன், அமலதாஸ்.
அஜ்மானில் இடம் கிடைத்துவிட்டதாம்.
அறையில் ஐந்து பாஷை,
சட்டத்தை எந்த பாஷையில் எழுதுவது என்று சண்டை வந்து
எழுதாமலே விட்டுவிட்டார்களாம்.
பாத்ரூமுக்கு அடிதடி தினமும் உண்டு.
"ஒருநாள் வாங்களேன்" என்றவர்
வழியும் சொன்னார்:
ரவுண்டானா தாண்டி, பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால்,
பச்சைக் கண்ணாடிக் கட்டடம், ஐந்தாம் மாடி,
லிஃப்ட்டை நம்ப வேண்டாம்.

பதினேழாம் தாளின் பின்பக்கத்தில்
எழுதிக்கொண்டேன்.

இந்த வெள்ளிக்கிழமை முடியாது,
மீன் என் முறை.